அவள் சொல்லாத ‘தயவுசெய்து’

அந்தப் புதிய விதி எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. காலை டீ நேரம். சூளகிரியில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட எங்கள் பயிற்சிக் கூடத்தில் இருபது பெண்கள் டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். கீழே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கூடத்தின் தரை லேசாக அதிரும். காது கேட்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. காது கேளாதவர்கள்தான் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் கீழே பார்ப்பார்கள்.

எங்கள் வகுப்பில் இரண்டு தரப்பும் பாதிப் பாதி. அப்படி இருக்கக் கூடாது என்றது விதி.

நாங்கள் சொல்லிக்கொடுத்தது வயர் ஹார்னஸ் வேலை. ஒரு ஸ்கூட்டருக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுகிற வயர்களை அளந்து வெட்டி, முனைகளில் கனெக்டர் மாட்டி, ஆணிகள் அடித்த ஒரு பெரிய பலகையில் வரிசையாக ஓடவிட்டு, டேப் சுற்றி ஒரே கட்டாக ஆக்குவது. ஓசூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் இதற்கு எப்போதும் ஆள் தேவை. பெரும்பாலும் பெண்களைத்தான் எடுப்பார்கள். நானும் அப்படி ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்து, லைன் லீடராகி வெளியே வந்தவள். என் பக்கத்து மெஷினில் எட்டு வருஷம் நின்ற காது கேளாத ஒரு பெண்தான் எனக்குச் சைகை மொழி கற்றுத்தந்தாள். அந்த மொழிக்காகத்தான் சிஸ்டர் என்னைத் தேடி வந்து இங்கே கூட்டிவந்தார்.

சிஸ்டர் என்று ஊரே அழைக்கும் எங்கள் தலைவி கன்னியாஸ்திரீ அல்ல. தொழிலாளர் மருந்தகத்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் இந்தத் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் வைத்திருந்த ஒரே கொள்கை, யாரையும் தனியாக உட்காரவைக்கக் கூடாது என்பதுதான்.

விதியை அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி இனி அதற்கெனத் தனியாக அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே நடக்க வேண்டும். பொது வகுப்பில் அவர்களைச் சேர்த்தால் அந்த வகுப்புக்கு அரசுப் பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரமும் கிடையாது, அரசுச் சான்றிதழும் கிடையாது. தனி மையம் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. பின்னால் வரும் என்று ஒரு வரி இருந்தது.

“நல்லது பண்றதா நெனச்சுக்கினுதான் எழுதியிருக்காங்க. அதுதான் கஷ்டமே. கெட்ட எண்ணமா இருந்தா சண்டை போட்டுடலாம்” என்றார் சிஸ்டர்.

நான் சொன்ன யோசனையை இங்கே ஒளிக்காமல் எழுத வேண்டும். “சிஸ்டர், பதிவேட்டுல காது கேக்கற பத்துப் பேர மட்டும் எழுதிக்கலாம். மத்தவங்க எப்பவும் போல வரட்டும். யாரு வந்து எண்ணப் போறாங்க?” என்றேன். லைன் லீடர் வேலை எனக்குள் விட்டுச்சென்ற பழக்கம் அது. மேலே இருப்பவர் கோபம் கீழே தெரியாமலும், கீழே இருப்பவர் கோபம் மேலே தெரியாமலும் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப அந்தப் பத்துப் பேரு இந்தக் கூடத்துல இல்லாதவங்களா? அவங்க வூட்டுல ஏற்கெனவே அப்படித்தான் வெச்சிருக்காங்க. நாமளும் வெக்கலாங்கறயா?”

நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த வகுப்பில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைகை மொழியில் பெயரை ஒவ்வொரு முறையும் எழுத்து எழுத்தாகச் சொல்லமாட்டார்கள். ஆளின் அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இடது புருவத்தில் தழும்பு உள்ள பெண்ணைக் குறிக்க, புருவத்தின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்போம். அதனால் அவள் எங்களுக்குப் புருவம். சாமல்பட்டிப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு ஆறு வருஷம் யாரோடும் பேசவில்லை. வீட்டில் யாருக்கும் அவள் மொழி தெரியாது. சாப்பிடு, தூங்கு, ஆடு ஓட்டு என்ற மூன்று ஜாடைகளில் குடும்பம் அவளோடு வாழ்ந்தது. சூளகிரியில் நாங்கள் எடுத்திருந்த அறையில் மற்ற பெண்களோடு தங்கிய முதல் இரவில், அந்த ஆறு வருஷப் பேச்சையும் அவள் கையால் பேசித் தீர்த்தாள் என்று மறுநாள் அவர்கள் கொட்டாவி விட்டபடி சொன்னார்கள்.

இன்னொருத்தி சூளகிரிக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரி. சொந்த நிலம், பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிற குடும்பம். அவளுக்கான சைகையும் ரோஜாதான், விரல்களைக் குவித்து மூக்கருகே கொண்டுபோவது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பஸ்ஸில் கன்னடம். காது நன்றாகக் கேட்கும். வாய் ஓயாது. முதல் வாரம் அவள் தன் நாற்காலியைப் புருவத்திடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாவையும் தள்ளித்தான் திறந்தாள். அது காதுக்காக மட்டும் அல்ல, பெற்றவர்கள் யார் என்பதற்காகவும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. பலகையில் டேப் சுற்ற நாலு கை வேண்டும் என்பதால் நான் இருவரையும் ஒரே பலகையின் இரு பக்கமும் நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை ரோஜாவின் வாய் செய்தது. அவளால் பேசாமல் இருக்க முடியாது. எதிரே நிற்பவளுக்கோ காது கேட்காது. அதனால் மூன்றே வாரத்தில் அவள் கையும் பேசத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் என்னைவிட வேகமாகப் பேசினாள், முக்கியமாகத் திட்டுகிற சொற்களை.

விதி வந்த அன்று மத்தியானம் அதை நான் சைகையில் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும் புருவம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இதை எழுதினவருக்கு எங்களில் யாரையாவது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்போ போய்த் தெரியப்படுத்துவோம்.”

வாய்ப்பு சீக்கிரமே வந்தது. புதிய விதிகளை விளக்க, மாவட்டத்திலுள்ள பயிற்சி நிறுவனங்களை எல்லாம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொன்னார்கள். நிறுவனத்துக்கு இரண்டு பேர் என்று போட்டிருந்தது. சிஸ்டர் ஆறு பேரை பஸ் ஏற்றினார்: அவர், நான், புருவம், ரோஜா, இன்னும் இரண்டு காது கேளாத பெண்கள்.

மண்டப வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “மேடம், நிர்வாகிங்க மட்டும்தான். பயனாளிங்க தேவையில்லை.”

“இவங்களப் பத்தித்தானே உள்ள பேசப் போறீங்க?” என்றார் சிஸ்டர்.

“ஆமாங்க மேடம். ஆனா...”

“அப்ப இவங்க தேவைதான்.” பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, ஆறு பெயரையும் தானே எழுதினார்.

மேடையில் மணமக்கள் உட்கார வேண்டிய இடத்தில் திரை கட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி முப்பத்தைந்து வயதுக்காரர், கனிவான முகம். அவரை வில்லனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விதியையும் பொறுமையாக விளக்கினார். தனி மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள், சாய்தளம் இருக்கும், அவர்களுக்கு ஏற்ற வேகத்தில் பாடம் நடக்கும் என்றார். நான் முன்வரிசையில் திரும்பி நின்று எங்கள் பெண்களுக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘அவர்களுக்கு ஏற்ற வேகம்’ என்று நான் சொன்னபோது புருவம் சிரித்தாள். எங்கள் கூடத்திலேயே வேகமாக டேப் சுற்றுகிறவள் அவள்தான்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அதிகாரி. ஓரிருவர் ஆன்லைன் பதிவைப் பற்றிக் கேட்டார்கள். புருவம் எழுந்து நடுவழியில் போய் நின்றாள். மைக்கை அவளிடம் நீட்டிய ஊழியருக்கு, அவள் என்னைக் காட்டினாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். அவள் கைகள் இப்படித்தான் சொல்லின:

“எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் என்னை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். கூட்டத்தில் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்வார்கள். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். அவர்களிடம் பூட்டு இருந்தது. உங்களிடம் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. தனியாக வைத்துக் கற்றுக்கொடுத்து, பிறகு கம்பெனிக்கு அனுப்புவீர்கள். அங்கே என் பக்கத்தில் நிற்கிறவளுக்கு என்னோடு பேச யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்? நான் சுவரோடு பேசவா? இந்த விதி தப்பு. எடுத்துவிடுங்கள்.”

இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தன. அதிகாரி என்னைப் பார்த்துக் கனிவாகப் புன்னகைத்தார். என் வாயில் வந்தது இதுதான்:

“ஐயாவுக்கு வணக்கம். எல்லாரோடையும் சேர்ந்து படிச்சா நல்லா இருக்கும்னு இவங்க ஆசைப்படறாங்க. தனியா இருந்தா கொஞ்சம் கஷ்டமா இருக்குமாம். தயவுசெஞ்சு இதைக் கொஞ்சம் பரிசீலிக்கணும்னு கேட்டுக்கறாங்க.”

பழைய வேலை நாக்கில் தானாக நடந்தது. அவர் மனம் நோகக் கூடாது, எங்களுக்கும் காரியம் கெடக் கூடாது. சொல்லி முடித்தபோது, நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

“காது! காது!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். ரோஜா நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள்.

அதிகாரி தலையசைத்தார். “தெரியுதும்மா. அவங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரியுது. அதான் மேடம் எடுத்துச் சொல்றாங்களே.”

“அது இல்ல சார். தெலுங்குல சொன்னேன். காதுன்னா இல்லன்னு அர்த்தம். அக்கா சொன்னது அது இல்ல. அவ அப்படிச் சொல்லவே இல்ல.”

மண்டபத்தில் தெலுங்கு தெரிந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. ரோஜா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நடுவழிக்கு வந்தாள். மைக்கை வாங்கவில்லை. அவளுக்கு அது தேவையுமில்லை.

“அவ ஆசையெல்லாம் படல சார். அவங்க ஊர்ல கல்யாணம்னா இவள வூட்டுல போட்டுப் பூட்டிக்கினு போவாங்களாம். நீங்களும் அதேதான் பண்றீங்கன்னா. அவங்ககிட்ட பூட்டு இருந்துச்சு, உங்ககிட்ட ரப்பர் ஸ்டாம்ப் இருக்குதுன்னா. தனியா வெச்சுக் கத்துக்குடுத்தா கம்பெனியில நான் சுவரோடயா பேசறதுன்னு கேக்கறா. இந்த ரூல் தப்பு, எடுத்துருங்கன்னா. தயவுசெஞ்சுன்னு அவ கையில எங்கயுமே வரல சார்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

புருவம் ரோஜாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அவளுக்கு நடந்தது புரிந்தது.

அதிகாரி மேடையின் ஓரத்துக்கு வந்தார். “நீங்களும் சிறப்பு ஆசிரியரா?” என்று ரோஜாவைக் கேட்டார்.

“இல்ல சார். நான் அவகூடப் படிக்கறவ. ஒரே பலகை.”

“சைகை மொழி எங்க கத்துக்கிட்டீங்க?”

“அவகிட்டதான்.”

சிஸ்டர் தன் இடத்தில் இருந்தபடியே சொன்னார்: “சார், உங்க ரூல் முன்னாடியே இருந்திருந்தா இந்தப் பொண்ணு கத்துக்கினு இருந்திருக்க மாட்டா. இப்ப இந்த மண்டபத்துல ஒரு தப்பு நடந்துச்சு, எங்க ஆளே பண்ணின தப்பு. அதைப் பிடிக்க ஒருத்தி இருந்தா. தனி வகுப்புல யாரு இருந்திருப்பாங்க?”

அதிகாரி எழுதிக்கொண்டார். மேலே தெரிவிப்பதாகச் சொன்னார். ஆனால் விதி இப்போதைக்கு விதிதான் என்றும் சொன்னார். குரலில் சங்கடம் இருந்தது. எழுதிக்கொண்ட காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் புருவம் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். காது கேளாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவரோடு பேச வழியே கிடையாது. குருபரப்பள்ளி தாண்டும்வரை பொறுத்திருந்து, எழுந்துபோய் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பினாள்.

மன்னிப்பு என்று ஒரு கையால் சொன்னேன். மறு கை கம்பியில் இருந்தது.

“பயமா?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“உனக்குப் பயமாக இருந்தால் உன் வாயால் உன் பயத்தைச் சொல். என் பேச்சில் அதைக் கலக்காதே.”

பதினெட்டு வருஷமாகச் சைகை மொழி தெரியும் எனக்கு. அதில் நான் வாங்கிய மிகப் பெரிய அடி அது. அன்றிலிருந்து யாருக்காகப் பேச நின்றாலும், நான் சொல்வது சரியா என்று பார்க்க இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவரை எதிரே உட்காரவைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். அதை எங்கள் நிறுவனத்தின் விதியாகவே சிஸ்டர் எழுதிவைத்துவிட்டார்.

நாங்கள் வகுப்பைப் பிரிக்கவில்லை. அடுத்த மாதம் திட்டத்தின் பட்டியல் வந்தபோது எங்கள் பெயர் அதில் இல்லை. இருபது பேரில் ஆறு பேர் அரசுச் சான்றிதழ் இல்லாத வகுப்பு எதற்கு என்று நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோஜாவின் அப்பா வந்து கீழே பைக்கை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். அவள் ஜன்னலில் எட்டிப்பார்த்துத் தெலுங்கில் ஏதோ கத்தினாள். அவர் போய்விட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, “சாயந்திரம் நானே பஸ்ல வரேன், கெளம்புன்னேன்” என்றாள்.

மீதி பதினாலு பேரோடு பயிற்சியை முடித்தோம். சான்றிதழில் சிஸ்டரின் கையெழுத்து மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு நான் கம்பெனி கம்பெனியாக ஏறினேன். முதல் இரண்டு இடத்தில் அரசு முத்திரை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது, என் பழைய கம்பெனியைப் போல இன்னொன்று. மேலாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேடம், இது இல்லாம ஹெச்.ஆர். ஒத்துக்க மாட்டாங்களே.”

வழக்கமான சமாளிப்பு என் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன். “பேப்பர வெச்சிருங்க சார். ஒரு ஷிப்ட் பலகையில நிக்க வெச்சுப் பாருங்க. வேலை சரியில்லன்னா நானே கூட்டிட்டுப் போறேன். சரியா இருந்தா, ஏன் எடுக்கலன்னு நீங்கதான் இவங்களுக்குச் சொல்லணும்.”

அவர் நான்கு பேரை நிற்கவைத்தார். ஷாப் ஃப்ளோரில் கம்ப்ரஸர் சத்தம். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் விழும். எங்கள் பெண்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பலகைக்குப் பலகை கையாலேயே பேசிக்கொண்டார்கள். லைன் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, “இவங்க கைய ஆட்டிக்கினே இருக்காங்களே, என்னதான் பேசறாங்க?” என்றார்.

நான் பார்த்தேன். “மூணாவது பலகையில கிளிப் தலைகீழா மாட்டியிருக்காம். உங்க ஆளு மாட்டினது.”

அவர் போய்ப் பார்த்தார். கிளிப்பைக் கழற்றி நேராக மாட்டிவிட்டு வந்தார்.

நால்வரையும் எடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் ஐந்து பேரை வேறு இடங்களில் சேர்த்தோம். ஒருத்தி கல்யாணமாகி தர்மபுரிப் பக்கம் போனாள். மற்ற நாலு பேருக்கு இன்னும் வேலை அமையவில்லை, அதில் மூன்று பேர் காது கேளாதவர்கள். இதையும் எழுதாவிட்டால் நான் மறுபடியும் மென்மையாக்கிச் சொன்னவளாவேன்.

சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது என்று ஒரே வரி. சிஸ்டர் அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். “படிச்சிருக்காங்க பாரு” என்றார். அவருடைய நம்பிக்கை எனக்குச் சில நாள் எரிச்சலூட்டும். ஆனால் அவர் காத்திருக்கவில்லை. அதற்குள் இன்னும் மூன்று மனு அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் புருவம் ஞாயிற்றுக்கிழமை வந்து கையால் சொல்ல, ரோஜா வாயால் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இந்த வருஷம் இன்னும் இரண்டு விதிகள் வந்திருக்கின்றன. சேர்கிற ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் குரல் வழியாக உறுதிசெய்வார்களாம். காது கேளாத பெண்களையும்தான். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். இன்னொன்று, பயிற்சி பெறுபவர் இந்த மாவட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது. நாங்கள் இப்போது அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் திரும்ப விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம், எங்கள் வகுப்பை எங்கள் வகுப்பாகவே காட்டி.

போன திங்கட்கிழமை புதிய வகுப்பு தொடங்கியது. பதினோரு பேர். பத்து மணிக்கு ஒரு அம்மா தன் பெண்ணைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து இரண்டு பஸ். பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். காது கேளாது. கர்நாடக ஆதார் அட்டைதான் இருக்கிறது, சேர்த்துக்கொள்வீர்களா என்று அம்மா படியிலேயே நின்று கன்னடத்தில் கேட்டார்.

“நம்து கர்நாடகா கார்டு. ஆகுத்தா?”

சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. “ஆகுத்தெ. ஒளகே பாம்மா” என்றார். உள்ளே வரச்சொன்னார். என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோ” என்றார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பெண்ணிடம் சைகையில் பெயர் கேட்டு எழுதினேன். மாவட்டம் என்ற கட்டம் வந்தது. கிருஷ்ணகிரி என்று எழுதினால் எந்தக் கேள்வியும் வராது. ‘பெங்களூரு’ என்று பெரிய எழுத்தில், தெளிவாக எழுதினேன்.